சோடாவில் எழுதிய ரகசிய எழுத்து மஞ்சள் பட்டதும் பரவுகிறது

காட்பாடியில் ஞாயிறன்று 8 வயதுப் பிள்ளைகள் 20 பேருக்கு ரகசியக் கடிதப் பயிற்சி. சமையல் சோடாவில் எழுதி, காய்ந்தபின் மஞ்சள் தடவினால் எழுத்து சிவக்கும். ஆரத்தித் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறதே, அதே வேலைதான். சிவக்கிறது, ஆனால் எழுத்து பரவி, படிக்க முடியவில்லை.

கால் டம்ளர் தண்ணீரில் 1 தேக்கரண்டி சோடா, காது குடையும் பஞ்சுக்குச்சி, 75 ஜிஎஸ்எம் ஏ4 தாள், 30 நிமிடம் உலர்த்தல்.

மஞ்சள்தூளைத் தண்ணீரில் கலக்கித் தடவினால் படுமோசம்: தூள் கரைவதில்லை, சோடாதான் கரைந்து ஓடுகிறது. சோடாவைப் பாதியாக்கினால் நிறம் மங்கல். கெட்டி சார்ட்டில் சற்றுத் தேவலை. சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் கலக்கினால் எழுத்து கூராக நிற்கிறது, ஆனால் அதைப் பிள்ளைகள் கையில் தர மனமில்லை. எலுமிச்சைச் சாறும் வேண்டாம், இஸ்திரிப்பெட்டிச் சூடு தேவைப்படும்.

ஸ்பிரிட் இல்லாமல், எழுத்து பரவாமல் மஞ்சளை எப்படித் தடவுவது?