வாசிகசாலை மேடையில் யார் படம்?

கனகராயன்:
அடுத்த மாதம் எங்கள் ஊர் வாசிகசாலையில் நாடக இரவு. மறைந்த எஸ். என். லட்சுமியின் படத்தை மேடையில் வைத்து விளக்கேற்றலாம் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். 'சரவணன் மீனாட்சி' தொடரில் பாட்டியாக வந்தவர் என்றதும் பாதிப்பேர் கைதட்டிவிட்டார்கள். எனக்கு ஒப்பவில்லை. அந்த அம்மா மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. ஆனால் காத்தவராயன் கூத்து ஆடி ஆடியே கால் தேய்ந்த எத்தனையோ பேர் ஒரு புகைப்படம்கூட மிஞ்சாமல் இந்த மண்ணில் போய்விட்டார்கள். விருதுநகர்ப் பக்கம் பிறந்து சென்னையில் வாழ்ந்தவருக்கு இலங்கையின் வன்னியில் எதற்கு விளக்கு?

தண்ணீரூற்றுத் தங்கச்சி:
அண்ணா, விளக்கு இருக்கட்டும். 'சீரியல் பாட்டி' என்று அறிமுகம் செய்ததே பிழை. என். எஸ். கிருஷ்ணனின் நாடகக் குழுவிலும் சகஸ்ரநாமத்தின் சேவா ஸ்டேஜிலும் நடித்து வளர்ந்தவர் அவர். 1964இல் வந்த 'சர்வர் சுந்தரம்' படத்தில் நாகேஷுக்குத் தாய். இருவருக்கும் வயதில் பெரிய வித்தியாசம் கிடையாது. முப்பதுகளிலேயே தாய் வேடம் அவர் தலையில் விழுந்துவிட்டது, பிறகு இறங்கவே இல்லை. 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தில் கைவரிசை காட்டும் அந்தத் திருட்டுப் பாட்டியை நினைத்துப் பாருங்கள். பக்கத்தில் கமல் நிற்கிறார், ஆனால் நம் கண் கிழவியின் கையை விட்டு நகராது. அது மேடையில் பழகிய உடம்பு. 'மகாநதி'யில் அதே உடம்பு ஒடுங்கிப்போய் மாமியாராக நிற்கும். 'சரவணன் மீனாட்சி' தொடங்கியது 2011 கடைசியில். 2012 பெப்ரவரியில் அவர் காலமானார். அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்தவரைக் கடைசிச் சில மாதங்களை வைத்தா நினைப்பது?

முள்ளியவளைப் பேரன்:
அந்தச் சில மாதங்கள்தான் எங்களிடம் வந்து சேர்ந்தன, அதற்கு என்ன செய்வது? அப்போது நாங்கள் போர் முடிந்து முகாமிலிருந்து திரும்பித் தறப்பாள் கொட்டிலில் இருந்தோம். மின்சாரம் இல்லை. சந்திக் கடைக்காரர் இரவில் ஜெனரேட்டர் போடுவார். மண்ணெண்ணெய்க் காசை எல்லோரும் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு மண்ணில் அமர்ந்து பார்ப்போம். என் அம்மம்மா அந்த நாட்களில் யாரோடும் அதிகம் பேசுவதில்லை. திரையில் அந்தப் பாட்டி வாயைத் திறந்தால் மட்டும், 'பொறு, அவள் என்னவோ சொல்லுகிறாள்' என்று எங்களை அடக்குவார். அவருக்கு சேவா ஸ்டேஜும் தெரியாது, நாகேஷும் தெரியாது. பக்கத்து வளவுக் கிழவி ஒருத்தி கிடைத்த மாதிரி இருந்திருக்கும். இதைச் சின்ன விஷயம் என்று தங்கச்சி நினைத்தால் நான் வாதாட வரவில்லை.

கனகராயன்:
தம்பி, மனதைத் தொடுகிற கதைதான். ஆனால் அதே தொலைக்காட்சிதான் இன்று எங்கள் கூத்தின் கழுத்தில் கால் வைத்திருக்கிறது. போன மாசியில் ஒத்திகைக்கு ஆள் கேட்டுப் போனேன். 'நாடகம் முடியட்டும், ஒன்பதரைக்குப் பிறகு வருகிறேன்' என்றார் ஒருவர். உடுக்கு அடிக்கிறவரும் அதே வீட்டில் அதே நாடகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்!

பாலியாறு:
கனகராயன், நீரே சொல்லிவிட்டீர். எங்கள் ஊரில் சீரியலுக்கும் 'நாடகம்' என்றுதான் பெயர். கூத்து பார்த்த சனம்தான் அதையும் பார்க்கிறது. காத்தானின் துள்ளுநடைக்குத் தாளம் போட்டவர்களே இன்று மருமகளுக்காக அழுகிறார்கள். எனக்கு இரண்டும் பிடிக்கும். விடிய விடியக் கண்விழிக்கத்தான் இப்போது முடிவதில்லை.

தண்ணீரூற்றுத் தங்கச்சி:
கனகராயன் அண்ணாவிடம் ஒரு கேள்வி. வட்டாப்பளைக் கண்ணகி அம்மனுக்கு வைகாசியில் பொங்கல் வைக்கிறோம், கோவலன் கூத்தும் ஆடுகிறோம். அந்தக் கூத்தில் இத்தனை தலைமுறையாகக் கண்ணகியாக வந்தது யார்? மீசை மழித்த ஆண். காத்தவராயன் கூத்தில் அவன் தாயாக வரும் முத்துமாரியும் ஆண்தான். அவர்கள் ஆட்டத்தை நான் குறை சொல்லவில்லை. ஒரு முறை முத்துமாரி வேடம் எனக்குத் தாருங்கள் என்று கேட்டேன். சிரித்தார்கள். பிறகு வீட்டுக்குத் தகவல் போனது, அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பெண் மேடை ஏறினாலே ஊர் வாய்க்கு வந்ததைப் பேசிய காலத்தில் லட்சுமி அம்மா ஏறினார். திருமணம்கூடச் செய்யாமல் கடைசிவரை நடித்தார். அவர் படம் எங்கள் மேடையில் இருக்க வேண்டும் என்று நான் கேட்பது இதற்காக. தொடருக்காகவும் அல்ல, கமலுக்காகவும் அல்ல.

கனகராயன்:
முத்துமாரி கதை எனக்குத் தெரியாது. சிரித்தவர்களில் நான் இல்லை என்று நினைக்கிறேன். இருந்திருந்தால் மன்னித்துக்கொள்.
சரி, படத்தை வையுங்கள். பக்கத்தில் எங்களுக்குக் கூத்துப் பழக்கிய பழைய அண்ணாவியாரின் உடுக்கும் இருக்க வேண்டும். அவருக்குப் படம் இல்லாவிட்டால் உடுக்காவது இருக்கட்டும். இன்னொன்று, சீரியல் படம் வேண்டாம். 'சர்வர் சுந்தரம்' தாயின் படத்தைத் தேடி எடுங்கள்.

முள்ளியவளைப் பேரன்:
அந்தப் படத்தை வைத்தால் யார் இந்தப் பெண் என்று ஊரே கேட்கும்.

தண்ணீரூற்றுத் தங்கச்சி:
கேட்கட்டும். பக்கத்தில் நின்று சொல்ல நான் வருகிறேன்.