எனக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்த மேக்கர் ஐயா

எனக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்த முதல் ஆள் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவர். தங்களுக்கு வழிகாட்டியவர்கள் என்று இங்கே பலரும் தங்கள் பேராசிரியர்களையும் மேலதிகாரிகளையும் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, இவரைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவில் இருந்த ஒரு தேயிலை ஃபேக்டரியில் அவர் டீ மேக்கர், அதாவது கொழுந்து டீத்தூளாக மாறும் ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்து நடத்துகிறவர். பெரியவர், சின்னவர் எல்லாருக்கும் அவர் மேக்கர் ஐயாதான். இலங்கையில் நுவரெலியா பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். இலங்கைத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப 1964-இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் போட்ட பிறகு, தலைமன்னாரில் கப்பல் ஏறி மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கு வந்த குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. எங்கள் தாத்தா குடும்பமும் அப்படி வந்ததுதான். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக அரசு 1968-இல் இங்கே தேயிலை போட ஆரம்பித்தது. அது பின்னால் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. ஐயா கொஞ்ச காலம் அங்கே இருந்துவிட்டுத் தனியார் ஃபேக்டரிக்கு வந்தார். வாட்டும் தொட்டியில் இலை கிளறுவதில் ஆரம்பித்து, ரோலர், டிரையர் என்று ஒவ்வொரு இடத்திலும் நின்று வேலை பழகித்தான் மேக்கர் ஆனார்.

என் அம்மாவுக்கு அங்கே சலிக்கும் அறையில் வேலை. பள்ளி இல்லாத நாட்களில் நானும் கூடப் போய் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் ஐயா கூப்பிட்டார். இரவெல்லாம் காற்று வாங்கி வாடிய கொழுந்தில் ஒரு பிடி அள்ளி என் கையில் வைத்து, "நல்லா அமுக்கு பாப்பா" என்றார். அமுக்கினேன். "இப்பக் கையைத் திற." அமுக்கிய இலை முதலில் உருண்டையாகவே இருந்தது, அப்புறம் மெல்ல மெல்ல விரிந்தது. அதுதான் சரியான பதம். கையைத் திறந்ததும் பட்டென்று விரிந்தால் இலை இன்னும் வாடவில்லை. பிறகு ஒரு காம்பை எடுத்து என் காதுக்குப் பக்கத்தில் மடக்கினார். ஒடிகிற சத்தம் வரக் கூடாது. பச்சைக் கொழுந்தில் நூற்றுக்கு எண்பது பங்கு வரைக்கும் தண்ணீர் இருக்கும், இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சி.டி.சி. ரோலருக்குப் போகும்முன் அது எழுபது பக்கம் இறங்க வேண்டும் என்பதையெல்லாம் நான் பிற்பாடு படித்தேன். அந்த எழுபது எப்படி இருக்கும் என்று என் கைக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

அதைவிட என்னைப் பிடித்து இழுத்தது ரோலருக்கு அடுத்த கட்டம். பச்சைப் பொடியாக விழுவது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே செம்பு நிறத்துக்குத் திரும்பும். ஐயா குனிந்து ஒரு கை அள்ளி முகர்வார், என்னையும் முகரச் சொல்வார். முதலில் வெறும் பச்சை வாசம். கொஞ்ச நேரத்தில் பழ வாசம் ஒன்று ஏறும். அது உச்சிக்குப் போய் இறங்க ஆரம்பிப்பதற்குள் டிரையரில் போட்டாக வேண்டும். கடிகாரத்தை மட்டும் நம்ப மாட்டார். டிசம்பர், ஜனவரிப் பனியில் நேரம் கூடப் பிடிக்கும், வெயில் நாளில் சீக்கிரம் ஆகிவிடும். மூக்குதான் அவருக்குக் கணக்கு.

"ஏன் ஐயா நிறம் மாறுது?" என்று கேட்டேன்.

"கைக்கும் மூக்குக்கும் தெரியுது பாப்பா. ஏன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. நீ படிச்சிட்டு வந்து எனக்குச் சொல்லணும்" என்றார்.

சின்னப் பிள்ளையிடம் ஏதோ ஒரு பதிலைச் சொல்லி அனுப்பிவிடுகிறவர்கள்தான் நிறைய. எனக்குத் தெரியாது என்று சொல்லி, தெரிந்துகொண்டு வரும் பொறுப்பையும் என்னிடமே கொடுத்தவர் அவர் ஒருவர்தான். என் படிப்பு முழுக்க அந்த ஒரு வார்த்தையில் ஆரம்பித்தது.

பிளஸ் டூ முடிந்ததும் என்னைத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்பலாம் என்று வீட்டில் பேச்சு. செய்தி அவர் காதுக்கு எட்டியது. இரவு ஷிப்டு முடிந்து, தூங்காமல் நேரே தொழிலாளர் குடியிருப்பு வரிசையில் இருந்த எங்கள் லயன் வீட்டுக்கு வந்தார். "தம்பி, இந்தப் பிள்ளை எனக்கு ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கு. அது வரைக்கும் படிக்கட்டும்" என்றார் அப்பாவிடம். அப்பா மறுபேச்சுப் பேசவில்லை. ஊட்டி அரசு கலைக் கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்க அவரேதான் என்னை பஸ்ஸில் கூட்டிப் போனார். 1822-இல் கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன் கட்டத் தொடங்கிய கல் பங்களா இருக்கும் வளாகம் அது. ஸ்வெட்டரும் மப்ளருமாக, ஒட்டிய தேயிலைத் தூசியோடு வரிசையில் நின்றார். முதல் வருடக் கட்டணத்தில் பாதி அவர் கொடுத்தது. திருப்பிக் கொடுக்கப் போனபோது வாங்கவில்லை.

ரசாயனம் எடுத்தேன். பாடத்தில் இல்லாததை நூலகத்தில் தேடிப் படித்து ஒரு விடுமுறையில் போய்ச் சொன்னேன். இலை நசுங்கும்போது அதிலிருக்கும் பாலிஃபீனால் என்ற துவர்ப்புப் பொருளும் ஒரு நொதியும் ஒன்றோடொன்று கலக்கின்றன. காற்றிலிருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு தியாஃப்ளேவின் உண்டாகிறது. டீக்கு வரும் பளிச்சென்ற நிறத்துக்கும் நாக்கில் படும் விறுவிறுப்புக்கும் அதுதான் காரணம். நேரம் தாண்டினால் தியாஃப்ளேவின் குறைந்து நிறம் மங்கும். முழுக்கக் கேட்டார். தியாஃப்ளேவின் என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். உடனே அடுத்த கேள்வி: "அப்ப முத்தின இலையில ஏன் அந்தப் பளிச்சு வரல?"

கோயம்புத்தூரில் எம்.எஸ்சி. படித்தபோது நான் எடுத்த ஆய்வு அந்தக் கேள்விதான். மொட்டிலும் முதல் இலையிலும் பாலிஃபீனால் அதிகம், இலை முற்ற முற்றக் குறைகிறது. இரண்டு இலை ஒரு மொட்டு என்று பறிக்கச் சொல்வதற்குப் பின்னால் இத்தனை இருக்கிறது. ஐயா தந்த தலைப்பு என்று ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் அவர் பெயரை முதலில் போட்டேன். அவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, மகளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார்.

இப்போது தேயிலைத் தரம் பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். ரோலர் பல் தேய்ந்து விழும் இரும்புத் துகள் ஒரு கிலோவில் 250 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. அந்தத் துகளைப் பிடிக்கும் காந்தத்தை ஐயா ஒவ்வொரு ஷிப்டுக்கும் தன் கையால் துடைப்பார். மாதிரி வந்தால், கருவியில் போடும்முன் முகர்ந்து பாருங்கள் என்று புதிதாகச் சேருகிறவர்களிடம் நான் சொல்வதும் அவரிடம் கற்றதுதான்.

நீலகிரி டீ என்றால் கொழுந்து பறிக்கும் பெண்களின் படம் போடுகிறார்கள், குன்னூர் ஏல விலையை எழுதுகிறார்கள். ராத்திரி முழுக்க நின்று வாசம் பார்க்கும் மேக்கரை யாரும் எழுதுவதில்லை. எனக்கு அது பெரிய குறையாகத்தான் படுகிறது.

ஐயாவுக்கு வயதாகிவிட்டது. குளிர் ஒத்துக்கொள்ளாமல் காரமடையில் மகள் வீட்டில் இருக்கிறார். போன் செய்தால் என் நலம் கேட்பதற்கு முன்னால், "இலை எப்படி வருது?" என்றுதான் கேட்பார். இலைப் பதம் பார்க்க அவர் சொல்வதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். கூடலூர், கோத்தகிரி, குந்தா பக்கத்துப் பழைய மேக்கர்கள் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், அவர்கள் வாடலையும் வாசத்தையும் எப்படிப் பார்த்தார்கள் என்று கேட்டு இங்கே எழுதுங்கள். அதையும் அந்த நோட்டில் சேர்த்துக்கொள்கிறேன்.