ஆக்கர் கடை மோட்டாரும் ஆடிக் காத்தும்

எங்க வீடு ஆரல்வாய்மொழிக்குப் பக்கம். முப்பந்தல்ல கரண்ட் எடுக்கிற பெரிய காத்தாடிகளைப் பார்த்தே வளர்ந்தவன், வீட்டு மாடியில நாமளும் ஒண்ணு நிறுத்தணும்னு ரொம்ப நாள் ஆசை.

வீட்டுக் காத்தாடிக்குப் பழைய சீலிங் ஃபேன் மோட்டாரை மாட்டிட்டு, கரண்டே வரலைன்னு வருத்தப்படுறவங்க உண்டு. நானும் அதைத்தான் முதல்ல சுத்திப் பார்த்தேன். மீட்டர் முள் அசையலை. சாதாரண ஃபேனுக்குள்ள நிலைக்காந்தம் கிடையாதுங்க, வெளியில இருந்து கரண்ட் போனாத்தான் அதுல காந்தப்புலமே உண்டாகும். நமக்கு வேண்டியது காந்தம் வச்ச டிசி மோட்டார்.

டிரெட்மில்லுல இருந்து கழட்டின ஒண்ணு ஆக்கர் கடையில, அதான் பழைய சாமான் கடையில, கிடைச்சது. அங்கேயே ரெண்டு வயர் முனையையும் சேர்த்து முறுக்கிட்டுத் தண்டைத் திருகினேன். களிமண்ணுக்குள்ள திருகுற மாதிரி கனம். வயரைப் பிரிச்சதும் லேசாச் சுத்துது. காந்தம் நல்லா இருக்கு, உடனே வாங்கிட்டேன்.

மேல ஒட்டியிருந்த தகட்டை வீட்டுக்கு வந்துதான் துடைச்சுப் படிச்சேன். 130 வோல்ட், 6500 ஆர்பிஎம், அதாவது நிமிஷத்துக்கு 6500 சுத்து. நாம சுத்திக் கரண்ட் எடுக்கும்போதும் ஏறக்குறைய அதே கணக்குதான், ஒரு வோல்ட்டுக்கு 50 சுத்து. 12 வோல்ட் பேட்டரியில சார்ஜ் ஏறணும்னா 13 வோல்ட்டாவது வரணும், அதுக்கு 650 சுத்து. ஆறு இஞ்ச் பிவிசி பைப்பை அறுத்து நான் செஞ்ச இறக்கைக்கு விட்டம் ஒண்ணரை மீட்டர். நல்ல காத்துலயும் 450 தாண்டலை. மனசு கேக்காம இறக்கையை ஒரு மீட்டராக் குறைச்சேன். வேகம் கூடுச்சு, ஆனா காத்தைப் பிடிக்கிற பரப்பு பாதிக்கும் கீழ போயிடுச்சு. ஆடி மாசம் மட்டும் 3 ஆம்பியர் வரை ஏறும். மாட்டுக் கொட்டகை எல்இடி விளக்குக்கு அது தாராளம்.

ஒரு ராத்திரி பேட்டரி நிறைஞ்சுடுச்சுன்னு வயரைக் கழட்டி விட்டேன். இழுக்க சுமை இல்லாததால காத்தாடி வெறி பிடிச்ச மாதிரி சுத்தி, ஒரு இறக்கை பிய்ஞ்சு கொட்டகைத் தகரத்துல போய்க் குத்தி நின்னுது. மாடு கன்னு எதுக்கும் ஒண்ணும் ஆகலை. இப்போ காத்து தணியுற நேரம் பார்த்து, மோட்டார் வயர் ரெண்டையும் சேர்க்கிற சுவிட்சைப் போட்டு நிறுத்தினப்புறம்தான் பேட்டரியில கை வைக்கிறேன். மோட்டாருக்கும் பேட்டரிக்கும் நடுவுல, கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுற டையோடும் போட்டாச்சு. அது இல்லைன்னா காத்து இல்லாத நேரம் பேட்டரியே மோட்டாரை ஃபேன் மாதிரி ஓட்டித் தீர்ந்துடும்.

90 வோல்ட், 1800 ஆர்பிஎம் மோட்டார் ஒண்ணு தேடிக்கிட்டிருக்கேன். அதுல 260 சுத்துக்கே 13 வோல்ட் வந்துடும், பெரிய இறக்கையைத் திரும்ப மாட்டலாம். நாகர்கோவில், வள்ளியூர் பக்கம் எந்தக் கடையிலயாவது கண்ணுல பட்டா சொல்லுங்க.