யார்க் நகர மதிலுக்குக் காசு கொடுத்தது யார்?

ஆயர் ஈத்தாம் வாசகி:
என் மகள் இங்கிலாந்தில் யார்க் நகரத்தில் படிக்கிறாள். அந்த ஊரைச் சுற்றி மூன்று கிலோமீட்டருக்கு மேல் பழைய மதில் இன்னும் நிற்கிறது. அந்தக் காலத்தில் சந்தைக்கு வந்த சரக்கில் வரி வாங்கித்தான் அதைக் கட்டினார்கள் என்கிறாள். ராஜா கஜானாவிலிருந்து கொடுக்கவில்லையா? வசூல் பண்ணியவர்கள் சுருட்டியிருக்க மாட்டார்களா? நம் பினாங்கில் இருக்கிற ஃபோர்ட் கார்ன்வாலிஸ் கோட்டைக்கும் இப்படித்தான் வாங்கினார்களா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பட்டர்வொர்த் ஃபார்வர்டிங்:
வணக்கம் அக்கா. எனக்குப் பிழைப்பே சரக்கும் சுங்கமும்தான். சென்னையிலிருந்து வரும் பருப்புக்கும் வெங்காயத்துக்கும் கே1 என்ற இறக்குமதிச் சுங்கப் படிவம் எழுதுகிறவன். அதனால் இந்த வரியைத் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். இதற்கு 'மியூரேஜ்', அதாவது மதில் வரி என்று பெயர்.

மகள் சொன்னது சரி. ராஜா பெரும்பாலும் பணம் தரவில்லை, அனுமதி தந்தார். "உங்கள் ஊருக்கு விற்க வரும் சரக்கில் இத்தனை வருஷத்துக்கு இவ்வளவு வாங்கிக்கொள்ளலாம், அது மதிலுக்கு மட்டும்" என்று முத்திரை போட்ட ஓலை வரும். 13ஆம் நூற்றாண்டு தொடக்கத்தில் வேல்ஸ் எல்லைப் பக்கத்து ஊர்களுக்குத்தான் முதலில் கொடுத்தார்கள். யார்க்குக்கு 1226இல் கிடைத்தது. மூன்று வருஷம், ஐந்து வருஷம் என்று தவணை இருக்கும். மதில் ஒன்றும் அதற்குள் முடியாது. மறுபடி போய்க் கேட்பார்கள், மறுபடி கிடைக்கும்.

அந்த ஓலைகளைப் படித்தால் என் மேஜை மேல் கிடக்கிற டாரிஃப் புத்தகம் மாதிரியே இருக்கிறது. கம்பளி, தோல், ஒயின், உப்பு, ஹெர்ரிங் மீன், மெழுகு, இரும்பு, விறகு என்று ஒவ்வொன்றுக்கும் தனி வரி. அளவும் அப்படியே: வண்டிப் பாரம் ஒரு கணக்கு, குதிரைப் பொதி ஒரு கணக்கு, மீன் என்றால் ஆயிரத்துக்கு இவ்வளவு. பல சரக்குக்குக் கால் பென்னி, அரைப் பென்னிதான். ஒயின் பீப்பாய் மாதிரி விலை கூடியதற்கு மேலே போகும். வாசலிலும் சந்தையிலும் ஆள் நிறுத்தி வாங்கினார்கள்.

சுருட்டினார்களா என்று கேட்டீர்கள். சுருட்டியவர்களும் இருந்தார்கள். அதிகமாக வாங்குகிறார்கள், மதிலுக்குப் போகவில்லை என்று புகார் போய்க்கொண்டே இருந்தது. கணக்குப் பார்க்க ராஜா ஆள் அனுப்பினார். 1275இல் போட்ட வெஸ்ட்மின்ஸ்டர் சட்டத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு உண்டு: அனுமதித்ததற்கு மேல் வாங்கிய ஊர் அந்த உரிமையை நிரந்தரமாக இழக்கும், அபராதமும் கட்ட வேண்டும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் ஆசிரியர்:
நல்ல கேள்வி, அம்மா. நம் பக்கத்திலும் இதே மாதிரி பட்டியல் இருக்கிறது. சிவகங்கை மாவட்டம் பிரான்மலைக் கோயில் கல்வெட்டைப் பாருங்கள். ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினர் உப்பு, அரிசி, பாக்கு, மிளகு, சுக்கு, இரும்பு, பருத்தி, நூல், சந்தனம், அகில் என்று சரக்குவாரியாகப் பொதிக்கு இவ்வளவு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் அது கோயிலுக்கு. அதோடு, எந்த ராஜாவும் அதை விதிக்கவில்லை. வணிகர்களே கூடித் தங்கள் சரக்கின் மேல் போட்டுக்கொண்டது. இதே ஐந்நூற்றுவரின் தமிழ்க் கல்வெட்டு 1088இல் சுமத்ராவில் பாருஸ் துறைமுகம் வரை வந்துவிட்டது. பினாங்கிலிருந்து கடல் தாண்டினால் அந்தத் தீவுதான்.

ஆயர் ஈத்தாம் வாசகி:
ரொம்ப நன்றி இருவருக்கும். தம்பி, இன்னொன்று. விறகு வண்டிக்காரனிடம்கூட வாங்கினார்கள் என்றால் பெரிய வியாபாரி எவ்வளவு கொடுத்தான்?

பட்டர்வொர்த் ஃபார்வர்டிங்:
அக்கா, இந்த விஷயத்தில் என் மனசை உறுத்துவது இதுதான். வரி யார் மேல் என்பதைவிட விலக்கு யாருக்கு என்பதைப் பார்க்க வேண்டும். என் தொழிலிலும் முதலில் விலக்குப் பட்டியலைத்தான் புரட்டுவேன்.

லண்டனில் இருந்த, ஹான்சா என்ற வணிகக் கூட்டமைப்பைச் சேர்ந்த ஜெர்மன் வியாபாரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1282இல் ஊரோடு ஓர் உடன்பாடு செய்தார்கள். பிஷப்ஸ்கேட் என்ற நகர வாசல் இடிந்து கிடந்தது. அதைப் பழுதுபார்க்கப் பணம் கொடுத்தார்கள், இனிமேலும் அந்த வாசலை நாங்களே பராமரிக்கிறோம் என்று ஒத்துக்கொண்டார்கள். பதிலுக்கு மதில் வரியிலிருந்து விடுதலை. சரி, அவர்களாவது கைக்காசு போட்டார்கள். 1303இல் முதலாம் எட்வர்ட் வெளிநாட்டு வியாபாரிகள் எல்லாருக்குமே மதில் வரி, பால வரி, சாலை வரி மூன்றையும் தள்ளிக் கொடுத்தார். பதிலாக அவர்கள் கூடுதல் சுங்கம் கட்டினார்கள், அது ராஜாவின் பைக்குப் போனது. ஊரின் மதில் கணக்கில் அந்த வரவு நின்றது. இது போக, ராஜா கொடுத்த சாசனத்தைக் காட்டி வரி கட்டாமல் போன ஊர்க்காரர்களும் உண்டு. சாசனமும் இல்லை, ராஜாவிடம் பேச ஆளும் இல்லை என்றால் அந்தக் கிராமத்தான் ஒவ்வொரு சந்தை நாளும் கால் பென்னியை எண்ணி வைத்துவிட்டுத்தான் உள்ளே போகணும். கலகமோ படையெடுப்போ வந்தால் மதிலுக்கு உள்ளே இருப்பவன் தப்பிப்பான், இவன் வீடு வெளியே. அதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஃபோர்ட் கார்ன்வாலிஸ் கதை வேறு. 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக வந்த பிரான்சிஸ் லைட் பினாங்கைச் சுங்கமில்லாத துறைமுகமாகத்தான் நடத்தினார். கப்பலை இழுக்க அதுதான் வழி. அதனால் வாசலில் நின்று சரக்குக்கு வாங்க இடமே இல்லை. கோட்டை கம்பெனிச் செலவு. முதலில் நிபோங் என்ற பனை வகை மரத்தில் வேலி, அப்புறம்தான் செங்கல், அதைக் கட்டியதில் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த கைதிகளின் உழைப்பு நிறைய. ஊர் வருமானத்துக்கு அபினையும் சாராயத்தையும் விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டார்கள். சரக்குக் கப்பல் தப்பித்தது, பணம் அவற்றை வாங்கிய கூலிக்காரன் பையிலிருந்து போனது.