பல வருடம் கழித்து மீண்டும் ஒரு பழைய கார், இம்முறை ஷெவெல்: முதலில் எதில் கை வைப்பது?

மாலிபு71
வணக்கம். மகள் பிறந்தபோது என் 1969 நோவாவை விற்றேன். அதன் பிறகு பழைய கார் எதையும் தொடவில்லை. இப்போது அவள் கல்லூரிக்குப் போய்விட்டாள், கராஜில் ஒரு பக்கம் காலி, மனைவியும் "சரி, வாங்கித் தொலையுங்கள்" என்று சொல்லிவிட்டாள்.

மிச்சிகனில் இருக்கிறேன். பக்கத்து ஊரில் 1971 செவர்லே ஷெவெல் மாலிபு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 350 கன அங்குல வி-8, மூன்று கியர் ஆட்டோமேட்டிக், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், பின் அச்சில் 3.73 விகிதம். என்ஜினைப் பிரித்துப் புதிதாகக் கட்டியிருக்கிறாராம். இன்னும் ஸ்டார்ட் செய்யவே இல்லையாம். கிரில்லில் எஸ்.எஸ். (சூப்பர் ஸ்போர்ட், மாலிபுவை விட விலை கூடிய வேக வகை) சின்னம் இருக்கிறது, அதற்கும் சேர்த்துத்தான் விலை சொல்கிறார். எனக்கோ பெரிய கேம்ஷாப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) ஒன்றைப் போட வேண்டும் என்று கை துறுதுறுக்கிறது. எங்கே தொடங்கலாம்?

துருப்பிடித்தவன்
தம்பி, கேம்ஷாப்ட் எங்கும் ஓடிவிடாது. முதலில் காந்தத்தை எடுங்கள்.

பின் கண்ணாடியின் கீழ் விளிம்பில் இறங்கும் மழைநீர் நேராக டிக்கித் தளத்துக்குத்தான் போகும். பின் சக்கரத்துக்குப் பின்னால், பக்கத் தகட்டின் கீழ் மூலையில் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் வழுக்கி விழுந்தால் அங்கே இரும்பு இல்லை, பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பிறகு காருக்கு அடியில் படுத்து, சேஸ்ஸியின் பின்பகுதியை ஸ்குரூடிரைவரால் குத்துங்கள். உங்கள் ஊரில் குளிர்காலமெல்லாம் சாலையில் உப்புக் கொட்டுகிறார்கள். அந்த இரும்பு உள்ளிருந்துதான் அரிக்கும். என்ஜின் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும். நல்ல உடம்பு கிடைப்பதுதான் அரிது.

எஸ்.எஸ். கதைக்கு வருகிறேன். 1966 முதல் 1968 வரை வி.ஐ.என். (காரின் அடையாள எண்) 138 என்று தொடங்கினால் அது எஸ்.எஸ். 1969 முதல் அது விருப்பத் தொகுப்பாகிவிட்டது, எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தொகுப்போடு முன்பக்க டிஸ்க் பிரேக்கும் சேர்ந்தே வந்தது. நான்கு பக்கமும் டிரம் வைத்த கார் எஸ்.எஸ். என்றால் யார் நம்புவது? பில்ட் ஷீட் (தொழிற்சாலையில் காரில் என்னென்ன போட்டார்கள் என்ற தாள்) இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் பெட்ரோல் டாங்கின் மேல்புறத்தில் செருகிக் கிடக்கும். அது இல்லாமல் சின்னத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்.

வாங்கிய பிறகு முதல் வேலை பிரேக். டிரம் நனைந்தால் கார் ஒரு பக்கம் இழுக்கும். வேகத்தில் இரண்டு மூன்று முறை அழுத்தினால் சூடேறிப் பிடிப்பு போய்விடும். முன்பக்கம் டிஸ்க் போடும்போது பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையும் வால்வையும் அதற்கு ஏற்றதாக மாற்றுங்கள். இன்னொன்று: பெரிய கேம் போட்டால் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) என்ஜினின் வெற்றிடம் குறையும். மிதிக்கும் அழுத்தத்தைக் கூட்டித் தரும் பவர் பிரேக் பூஸ்டர் வேலை செய்வதே அந்த வெற்றிடத்தில்தான். வேகம் கூடி, பிடிப்பு குறைந்த காரில் உங்கள் மகளை ஏற்றுவீர்களா?

எண்ணெய்க்கை
மேலே சொன்ன அனைத்தும் சரி. ஸ்டார்ட் செய்யாத என்ஜின் பற்றி யாரும் பேசவில்லை, அதுதான் எனக்குப் பயம். பழைய முறைத் தட்டை டாப்பெட் கேம் (டாப்பெட் உருளாமல் கேமின் மேல் உரசி ஓடும் வகை) என்றால் முதல் அரை மணி நேரத்தில்தான் அதன் ஆயுள் முடிவாகிறது. இன்றைய சாதாரண கார் ஆயிலில் தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாகம் குறைவு, புகையைச் சுத்தம் செய்யும் கேடலிடிக் கன்வெர்ட்டரைக் காப்பாற்றக் குறைத்துவிட்டார்கள். பிரேக்-இன் ஆயில் (புது என்ஜினைப் பழக்கும் ஆயில், பிரேக்குக்கானது அல்ல) என்றே விற்பதை ஊற்றுங்கள்.

சாவியைத் திருப்புவதற்கு முன் டிஸ்ட்ரிபியூட்டரை (பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துத் தருவது) கழற்றி, அந்தத் துளை வழியே பிரைமிங் கருவியை இறக்கி, டிரில்லால் ஆயில் பம்பைச் சுழற்றுங்கள். முதலில் டிரில் சும்மா சுற்றும். திடீரென்று கையில் பளு தெரியும், அழுத்தம் ஏறிவிட்டது என்று பொருள். வால்வை அழுத்தும் ராக்கர் ஒவ்வொன்றிலும் ஆயில் கசியும் வரை விடாதீர்கள். ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடக்கூடாது. நிமிடத்துக்கு 2,000 முதல் 2,500 சுற்றுக்குள் ஏற்றி இறக்கி 20 நிமிடமாவது ஓட்ட வேண்டும்.

எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாயைக் கெடுக்கும், அதையும் மாற்றிவிடுங்கள்.

நாலாவது கியர்
நான் வேறு கட்சி. பிரேக் முடிந்ததும் கியர்பாக்ஸ். 3.73 அச்சு, 26 அங்குல டயர், ஓவர்டிரைவ் (வேகத்தில் என்ஜின் சுற்றைக் குறைக்கும் கியர்) இல்லை. மணிக்கு 70 மைலில் என்ஜின் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 3,400 சுற்று சுற்றும். அந்த இரைச்சலோடு ஃப்ரீவேயில் போய் வந்தால் அடுத்த முறை சாவியை எடுக்கவே மனம் வராது. 0.70 ஓவர்டிரைவ் உள்ள நான்கு கியர் ஆட்டோமேட்டிக் போட்டால் 2,400-க்கு இறங்கும். பழைய பெட்டியைப் பத்திரமாக வையுங்கள், விற்கும்போது கேட்பார்கள்.

மாலிபு71
நன்றி ஐயா, நன்றி நண்பர்களே. போய்ப் பார்த்தேன். சேஸ்ஸி கெட்டி. இடது பின் மூலையில் மட்டும் காந்தம் நிற்கவில்லை. பில்ட் ஷீட் கேட்டதும் பேச்சை மாற்றினார். மாலிபு விலைக்குத் தந்தால் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்று காலை சம்மதித்துவிட்டார். டிஸ்க் பிரேக் போட்டால் இதில் இருக்கும் 14 அங்குல சக்கரம் பொருந்துமா?

துருப்பிடித்தவன்
டிரம் பிரேக்குக்காகச் செய்த 14 அங்குலச் சக்கரம் பலவற்றில் டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பர் இடிக்கும். மாட்டிப் பார்த்துக் கையால் சுழற்றுங்கள். உரசினால் 15 அங்குலத்துக்குப் போய்விடுங்கள், நல்ல டயரும் அதில்தான் அதிகம்.