கிராஞ்சியில் நம் ஊர்ப் பிள்ளையின் பெயர்: திதி குறித்து

அன்புடையீர், வணக்கம்.

மேலத்தெருக் கிணற்றடி வீட்டிலிருந்து பட்டாளத்துக்குப் போய்த் திரும்பி வராத பிள்ளையைப் பற்றி நீங்கள் சிறு வயதில் ஏதாவது ஒரு கதை கேட்டிருப்பீர்கள். நேதாஜி படையோடு பர்மாவுக்குப் போய்விட்டார் என்பார்கள். மலாயாவில் ஒரு தோட்டத்தில் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்கக் கண்டதாக ஒருவர் சத்தியம் செய்தார் என்பார்கள். அவர் என் அப்பாயியின் உடன்பிறந்த தம்பி. சென்ற ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரின் கிராஞ்சிப் போர் நினைவிடத்தில் அவருடைய பெயரைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தேன். அதைச் சங்கத்தாருக்கு முறைப்படி தெரிவிக்கவே இம்மடல்.

அவர் ராணுவத்தின் பொறியியல் பிரிவான மதராஸ் சாப்பர்ஸ் படையில் சேர்ந்து பெங்களூரில் பயிற்சி பெற்றவர். அந்தப் படைக்காரர்களை ராணுவத்தில் இன்றளவும் 'தம்பி' என்றே அழைக்கிறார்கள். வீட்டிலும் அவர் தம்பிதான். அப்பாயியின் வாயிலிருந்து அவர் பெயரை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. பெயர் தெரிந்ததே அப்பாயியின் தகரப் பெட்டியில், மஞ்சள் நூலால் கட்டி வைத்திருந்த ஐந்து மணியார்டர் கூப்பன்களிலிருந்துதான். கடைசிக் கூப்பனில், எவ்வளவு முடை வந்தாலும் செவலைக் கன்றை மட்டும் விற்க வேண்டாம், வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று நெருக்கி நெருக்கி எழுதியிருக்கிறார்.

மலாயாவில் 1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியர் இறங்கியதிலிருந்து 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்தது வரை மொத்தம் 70 நாள். ஜித்ரா, கம்பார், சிலிம் ரிவர், மூவார் என்று தோற்றுத் தோற்றுத் தெற்கே வந்த பிரிட்டிஷ் படையில் சாப்பருடைய வேலை எல்லோரும் பாலத்தைக் கடக்கும்வரை காத்திருந்து, பிறகு அதை வெடிவைத்துத் தகர்ப்பது. மற்றவர்கள் ஓடும்போது நின்றாக வேண்டிய வேலை அது. ஜனவரி 31 அன்று, மலாயாவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடல்வழிச் சாலையான ஜோகூர்க் காஸ்வேயையும் தகர்த்தார்கள். ஜோகூர் போகும் 170ஆம் எண் பேருந்தில் பதினொரு ஆண்டுகளாக அந்த வழியே போய் வருகிறேன். கிராஞ்சியில் ஒரு முறைகூட இறங்காமல் இருந்துவிட்டதை நினைத்தால் இப்போது நெஞ்சு கனக்கிறது.

உடல் கிடைக்காமல் போன 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அங்கே சுவர்களில் வெட்டப்பட்டிருக்கின்றன. எரியூட்டப்பட்ட ஏறத்தாழ 800 வீரர்களுக்கு, பெரும்பாலும் இந்தியப் படையினர், பின்புறம் தனி நினைவுச் சின்னம் உண்டு. முதலில் அங்கேதான் தேடினேன். பதிவேட்டில் நம் ஊர்ப் பெயரின் 'ழ' ஆங்கிலத்தில் 'ல' ஆகி, நடுவில் ஓரெழுத்தும் விடுபட்டிருந்தது. பக்கத்திலிருந்த தந்தை பெயரும் தஞ்சை ஜில்லாவும்தான் உறுதி செய்தன. சுவரில் அவர் பெயர் என் தலைக்கு மேலே இரண்டடி உயரத்தில் இருக்கிறது. விரல் எட்டவில்லை. கைபேசியை உயர்த்திப் படம் எடுத்து, அதைப் பெரிதாக்கி, தமிழில் ஒரு முறை வாய்விட்டுப் படித்தேன்.

பதிவேட்டில் அவர் இறந்த நாள் 1942 பிப்ரவரி 15. அன்றைக்குச் சீனப் புத்தாண்டு; சீனப் புத்தாண்டு அமாவாசையில்தான் பிறக்கும். ஆகவே அவருடைய திதி மாசி அமாவாசை. சிங்கப்பூரின் ஃபேரர் பார்க்கில் இந்தியச் சிப்பாய்கள் ஏறத்தாழ 45,000 பேரைப் பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் ஒப்படைத்ததும், இந்திய தேசிய ராணுவத்துக்கு ஆள் சேர்க்கும் பேச்சு எழுந்ததும் பிப்ரவரி 17 அன்று. பதிவேட்டின்படி அதற்கு இரண்டு நாள் முன்பே அவர் இல்லை. அதே தேதி இன்னும் எத்தனையோ பேருக்கு இருப்பதால், சண்டை ஓய்ந்த நாளைக் கணக்குக்காக எழுதியிருப்பார்கள் என்கிறார் என் அத்தை மகன். இருக்கலாம். ஆனால் தேதியே இல்லாமல் எண்பது ஆண்டுக்கு மேல் ஒரு பிள்ளையை விட்டு வைத்திருந்தோம். எனக்கு இந்தத் தேதி போதும்.

அப்பாயி ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் எல்லோருக்கும் இலை போடுவார், தம்பிக்கு மட்டும் போடவிட மாட்டார். உயிரோடு இருப்பவனுக்கு யாராவது இலை போடுவார்களா என்று கேட்பார். கண்மூடும்வரை அவர் அதை விட்டுக் கொடுக்கவில்லை. அவர் இருந்திருந்தால் இந்த மடலை எழுத எனக்கும் மனம் வந்திராது. வரும் மாசி அமாவாசையன்று மேலத்தெரு வீட்டில் அவருக்கு இலை போடுவதென்று குடும்பத்தில் முடிவு செய்திருக்கிறோம். ஊரில் இருப்பவர்கள் வர வேண்டும். அன்று காலை நான் கிராஞ்சியில் இருப்பேன். சிங்கப்பூரில் இருப்பவர்கள் சேர்ந்துகொள்ளலாம்.

உங்கள் வீடுகளிலிருந்தும் மலாயாப் பக்கம் பட்டாளத்தில் போய்த் திரும்பாதவர்கள் இருந்தால் பெயரை எழுதுங்கள், நான் தேடிப் பார்க்கிறேன். தந்தை பெயரை மறக்காமல் சேர்த்து அனுப்புங்கள். ஒரே பெயரில் பலர் இருக்கிறார்கள்.

அன்புடன்,
கீழத்தெருப் பேரன், சிங்கப்பூர்