புதுப்பிப்பு: பிஎஸ்4 கொன்ட்ரோலரில் ஸ்டிக் தானாக நகர்வது

டெட்சோனை (ஸ்டிக்கின் சின்ன அசைவைக் கேம் கணக்கெடுக்காத எல்லையை) கூட்டினால் போதும் என்று முதல் பதிவில் எழுதியது பாதிதான் சரி. அளவுக்கு மிஞ்சிக் கூட்டினால் எல்டன் ரிங்கில் மெதுவாக நடக்கவே ஏலாது, நல்ல கேம் வீணாகும்.

கல்லடி, கல்முனைப் பக்கம் உப்புக்காற்று. முதலில் சுத்தம் பண்ணிப் பாருங்கள். பின்னால் 4 ஸ்குரூ. கழற்றியதும் மூடியை வெடுக்கென்று இழுக்க வேண்டாம், உள்ளே நாடா வயர் அறுந்துவிடும். பட்டரியைக் கழற்றி, ஸ்டிக்கின் பக்கத்தில் அசைவை அளக்கும் சின்னப் பெட்டிகளுக்குள் 99% ஐசோபுரோப்பைல் அல்கஹோல் ஒவ்வொரு துளி விட்டு, ஸ்டிக்கை நன்றாகச் சுழற்றுங்கள். முழுதாகக் காய்ந்த பிறகே பூட்டுங்கள்.

சில நாளில் திரும்ப நகர்ந்தால் அந்தப் பெட்டிகளுக்குள் இருக்கும் கரிப்பூச்சு உரசி உரசித் தேய்ந்துவிட்டது. அதற்கு மொடியூலை, அதாவது ஸ்டிக் பாகத்தை முழுதாக, மாற்றத்தான் வேணும். ஹோல் எஃபெக்ட் வகை கேளுங்கள், காந்தத்தில் இயங்குவதால் அந்த உரசல் இல்லை.